பீடித் தட்டும் அம்மாவும்

தென்காசி வட்டாரத்துப் பீடித் தொழிலாளரின் கூலியையும் வாழ்வையும் பற்றி வெளியான ஒரு கட்டுரையைப் படித்தபோது, ஐந்து மாதங்களுக்கு முன் மறைந்த என் தாயாரின் நினைவே மேலிட்டது. அப்பா இறந்தபின் எங்கள் மூவரையும் கரையேற்றியது அவர் மடியிலிருந்த பீடித் தட்டுதான். இரவில் இலையை நனைத்து வைத்து, விடியுமுன் கத்தரியால் வெட்டி, புகையிலைத் தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நாளுக்கு ஆயிரம் பீடி முடித்தாலும், கழிவென்று கடையில் ஒதுக்கியவற்றுக்குக் கூலி கிடையாது. அந்நாள்களில் தமக்குப் பசியில்லை என்பார் (நாங்களும் நம்பினோம்). கூலியைப் பற்றி விரிவாகச் சொல்லும் கட்டுரை, அந்தத் தூளால் வரும் இருமலைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது எனக்குக் குறையாகவே படுகிறது. வருங்கால வைப்பு நிதியில் 2014-இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச ஓய்வூதியமான 1,000 ரூபாயே அவருக்கும் வந்தது. மாத்திரை போக அதில் மிஞ்சியதைப் பேத்தியின் பெயரில் அஞ்சலகத்தில் போட்டு வந்தார் என்பது, தலையணை உறைக்குள் அகப்பட்ட கணக்குப் புத்தகத்தால்தான் எங்களுக்குத் தெரிந்தது.