அக்காவை யாரும் கேட்பதில்லை

நான்கு ஆண்டுகளாக வாரம் இரண்டு முறை ஊருக்குப் போன் செய்கிறேன். முதல் கேள்வி எப்போதும் "அப்பா எப்படி இருக்கிறார்?" என்பதுதான். பிரஷர் எவ்வளவு, முதுகுப் புண் ஆறியதா, இட்லி எத்தனை இறங்கியது என்று அக்காவும் சளைக்காமல் சொல்வாள். "நீ எப்படி இருக்கிறாய்?" என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பாவுக்கு வயது 81. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அக்காவின் போனில் இரவு 11, 1, 3, 5 என்று வரிசையாக அலாரம். போன மாதம் அத்தானை அப்பாவிடம் விட்டுவிட்டு, ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை வந்தாள். அலாரங்களை அணைத்துவிட்டுத்தான் படுத்தாள். ஆனாலும் ஒரு மணிக்குக் கூடத்தில் விளக்கு எரிந்தது. பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"கஞ்சியைத் துப்பினார் என்று அப்பாவின் கையில் அடித்துவிட்டேன் தம்பி. அதன் பிறகு எனக்கு அழுகைகூட வரவில்லை."

சொந்தக்காரர்கள் வந்தால் "புண்ணியம் செய்கிறாய் அம்மா" என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லின் மீதே எரிச்சல் வருகிறது. புண்ணியம் செய்கிறவள் "என்னால் முடியவில்லை" என்று எந்த வாயால் சொல்வாள்?

மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர்கள் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளை வைத்திருக்கிறார்கள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலாவது நாட்டம் குறைந்ததா, தூக்கம் கெட்டதா, உடம்பு சோர்ந்ததா என்று கேட்பார்கள். அக்காவுக்குத் தூக்கம் எப்போதோ கெட்டுவிட்டது. அது வேலையாலா, நோயாலா என்று பிரிக்க முடியாததால் "அலுப்புதான்" என்று எல்லோரும் கடந்துவிடுகிறோம். ஆனால் குறுக்கெழுத்துப் புதிரைப் பேனாவால் நிரப்புகிறவள், இப்போது வார இதழைப் பிரிப்பதே இல்லை. அதுவும் அலுப்பா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். வந்தவர்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவரிடமும் அந்த ஒன்பதில் இரண்டு கேள்வியாவது கேட்கவேண்டும் என்பது என் கட்சி. கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' என்ற பெயரில் பராமரிப்பவருக்கே மாதம் 600 ரூபாய் என்று வைத்தார்கள். தொகை சொற்பம்தான். ஆனால் அப்படி ஓர் ஆள் இருக்கிறார் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதியிருக்கிறார்களே!

14416 என்ற மனநல உதவி எண்ணை அக்காவுக்குக் கொடுத்தேன். "பேச எங்கே நேரம்?" என்றாள். நியாயம்தான். அதனால் இனி மாதம் இரண்டு இரவு என் முறை என்று சொல்லி, போன சனிக்கிழமை ஊருக்குப் போனேன்.

மூன்று மணி அலாரம் என் காதில் விழவே இல்லை. விடிந்து பார்த்தால் அப்பா இடப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.