படிக்கத் தெரிந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்

நேற்றிலிருந்து ஆள் மாற்றி ஆள் அந்த வீடியோவை எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். சீனாவின் ஹாங்சோ நகரில் ஒரு மெட்ரோ வாசல், பள்ளிச் சீருடையில் ஒரு பெண், அவள் முகத்துக்கு நேரே மைக், ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. அவள் வாயைப் பொத்திக்கொண்டு தோழியின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று கேலி செய்கிற தலைப்பு, அதை நான் இங்கே திருப்பி எழுதப் போவதில்லை. "அக்கா, நீங்க அங்கதானே இருக்கீங்க, நிஜமாவே இப்படித்தானா?" என்று கேட்டவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நீளமாக வரும்.

ஆமாம், இப்படித்தான். முன்பின் தெரியாத ஆள் மைக்கை நீட்டினால் இங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் வாய் வராது. ஆனால் அவளுக்கு ஆங்கிலமே தெரியாது என்று சொன்னீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியும். அந்த வீடியோவுக்குக் கீழே ஆங்கிலத்தில் கமெண்ட் போட்டவர்களில் பாதிப் பேரைவிட நன்றாகப் படிக்கத் தெரியும்.

எதைப் படிக்கிறாள் என்று சொல்கிறேன். சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வு காவோகாவோ. 2024இல் 1 கோடியே 34 லட்சம் பேர் அதற்குப் பதிவு செய்திருந்தார்கள். ஆங்கிலத்துக்கு 150 மார்க். அதில் 50 மார்க் காம்ப்ரிஹென்ஷனுக்கு மட்டும். நான்கு பேசேஜ், 15 கேள்வி. அதற்கு மேல் ஒரு கட்டுரையில் ஐந்து வாக்கியங்களை உருவிவிட்டு ஏழு வாக்கியங்களைக் கொடுப்பார்கள், எது எங்கே பொருந்தும் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மார்க். ஒரு பேசேஜுக்கு ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் செலவழித்தால் பின்னால் எழுத நேரம் இருக்காது.

பேசேஜ் என்றால் நம் பள்ளிப் புத்தகத்தில் வரும் காகமும் நரியும் இல்லை. ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளைச் சுருக்கி எடுத்தவை. 2021 தாளில் பியானோ கச்சேரியில் இசைத்தாளைப் புரட்டிவிடும் ஒரு மனிதரைப் பற்றி வந்தது. 2023இல், பெரிய கூட்டம் தனித்தனியாகச் சொல்லும் மதிப்பீடுகளின் சராசரி ஏன் உண்மைக்கு அருகில் வருகிறது என்று ஒன்று. 2024இல், காகிதத்தில் படிப்பதும் திரையில் படிப்பதும் மூளைக்கு ஒன்றுதானா என்று ஒன்று. அந்த பேசேஜை அந்த வீடியோவுக்குச் சிரித்தவர்கள் எல்லோரும் ஒருமுறை படித்திருக்கலாம்.

நான் இருப்பது ஷாவ்ஷிங் பக்கம், கச்சியாவ். துணிச் சந்தை ஊர். திருப்பூர், ஈரோடு ஆட்களுக்குத் தெரிந்திருக்கும், வீட்டுக்காரர் தொழிலுக்காக வந்து தங்கிவிட்டோம். பக்கத்து வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி. விடுதிப் பள்ளி, வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவாள். வந்ததும் அச்சடித்த தாள் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுவாள். நான் காசு வாங்குவதில்லை, வாங்கவும் கூடாது. வெளிநாட்டுக்காரர் இங்கே ஆங்கில ஆசிரியராக வேலை செய்ய வேண்டுமென்றால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. என் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். அவள் அம்மா அவ்வப்போது உப்பிட்டு வெயிலில் காயவைத்த கடுகுக்கீரை கொண்டுவந்து கொடுப்பார். பன்றிக்கறியோடு வேகவைக்கத்தான் அது. நான் உருளைக்கிழங்கோடு வதக்குகிறேன், நன்றாகவே இருக்கிறது.

அவள் எப்படிப் படிக்கிறாள் என்று நீங்கள் பார்க்க வேண்டும். மூன்று வரிக்கு நீளும் ஒரு வாக்கியம் வந்தால் முதலில் வினைச்சொல்லைத் தேடிப் பிடித்துக் கோடு போடுவாள். பிறகு எழுவாய். நடுவில் தொங்கும் துணை வாக்கியங்களை அடைப்புக்குள் போட்டு ஒதுக்குவாள். மிச்சமிருக்கும் எலும்பைப் படித்துவிட்டு, அடைப்புகளை ஒவ்வொன்றாகத் திறப்பாள். தப்பாகப் போட்ட கேள்விகளைக் கத்தரித்து ஒட்டுவதற்குத் தனி நோட்டு. ஒட்டியதற்குப் பக்கத்தில் ஏன் தப்பானது என்று எழுதியிருப்பாள். எந்தச் சொல் தெரியவில்லை என்று எழுதுவதில்லை, எந்த இடத்தில் யோசனை வழுக்கியது என்று எழுதுவாள்.

தப்பான ஆப்ஷன்களை அவர்களுடைய ஆசிரியர்கள் வகை பிரித்தே வைத்திருக்கிறார்கள். பேசேஜில் இல்லாததை இருப்பதாகச் சொல்வது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் தலையில் கட்டுவது. ஒரு சிறு பகுதிக்குச் சொன்னதை முழுமைக்கும் ஏற்றுவது. சொன்ன விஷயத்தை நைசாக வேறொன்றாக மாற்றிவிடுவது. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் தினம் தினம் இதைத்தான் பழகுகிறார்கள். அந்த வீடியோவின் கமெண்டுகளைப் போய்ப் பாருங்கள். ஒரு பெண் வெட்கப்பட்டாள், அதை வைத்து ஒரு நாட்டின் பிள்ளைகள் எல்லோருக்கும் தீர்ப்பு. பேச வரவில்லை என்பது, தெரியவில்லை என்று மாறிவிட்டது. தெரியவில்லை என்பது அடுத்த கமெண்டில் மூளையில்லை என்று ஆகிவிட்டது. இந்த நான்கு வகைத் தப்பும் அங்கே இருக்கிறது. என் பக்கத்து வீட்டுப் பெண் உட்கார்ந்து குறித்துக் காட்டிவிடுவாள்.

"அதெல்லாம் ட்ரிக்ஸ் அக்கா, கேள்வியைப் பார்த்து ஆப்ஷனைக் கழித்துக் கட்டுகிற வித்தை, அது படிப்பே இல்லை" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. கேள்வியை முதலில் படி, முக்கியச் சொல்லை வட்டமிடு, அந்த இடத்துக்கு மட்டும் ஓடு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பத்து மணி வரை இரவுப் படிப்பு, தாளுக்கு மேல் தாள். அலுத்துப்போய் மேசையிலேயே தலை சாய்க்கும் பிள்ளைகளும் உண்டு. அந்த அழுத்தம் சரி என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் வித்தை முதல் பேசேஜில்தான் செல்லுபடியாகும். அது விளம்பரமோ அறிவிப்போ, தேடி எடுத்துவிடலாம். கடைசி பேசேஜில் எந்த வித்தையும் நிற்காது. அங்கே எழுதியவர் என்ன நினைக்கிறார் என்று கேட்பார்கள். அது எந்த வரியிலும் எழுதியிருக்காது.

2022 தாளின் கடைசி பேசேஜ் ஒன்றைச் சொல்கிறேன். ஆதி மனிதர்களுக்கு மேல் பல்லும் கீழ்ப்பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டிருந்தன. விவசாயம் வந்து மென்மையான உணவு சாப்பிடத் தொடங்கிய பிறகு தாடை மாறியது, மேல் பல் கொஞ்சம் முன்னால் வந்தது. அதனால்தான் கீழ் உதட்டை மேல் பல்லில் தொட்டு எழுப்பும் 'ஃப' போன்ற ஒலிகள் மொழிகளில் பரவின என்கிற ஆராய்ச்சி. பக்கத்து வீட்டுப் பெண் நான்கு கேள்விகளுக்கும் பதில் போட்டுவிட்டுத் தாளை மூடினாள். மூடிவிட்டு என் வாயைப் பார்த்தாள். உங்கள் மொழியில் அந்த ஒலி உண்டா என்று கேட்டாள். எங்கள் சொந்தச் சொற்களில் கிடையாது, வெளியிலிருந்து வந்த சொற்களுக்கு ஆய்த எழுத்தைத் துணைக்கு வைத்து எழுதுகிறோம் என்று எழுதிக் காட்டினேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: பொதுச் சீனத்தில் 'ஃப' இருக்கிறது, அதன் அதிர்வுள்ள ஜோடி (ஆங்கில v) இல்லை, ஆனால் பாட்டி பேசும் ஷாவ்ஷிங் பேச்சில் இரண்டும் இருக்கிறது. கீழே பாட்டியிடம் ஓடிப்போய் ஏதோ சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டும் வந்தாள்.

இதை வித்தை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். என் ஊரில் இதற்குப் பெயர் படிப்பு.

"பேச்சுக்குத் தேர்வே வைக்காத நாடு" என்று இன்னொரு கமெண்ட். தப்பு. பெய்ஜிங்கில் 2021 முதல் 150இல் 50 மார்க் கணினி முன் உட்கார்ந்து கேட்டும் பேசியும் எழுத வேண்டிய தேர்வு. தெற்கே குவாங்தொங் மாகாணத்தில் அதற்கு முன்பிருந்தே கேட்டுப் பேசும் தேர்வு இருக்கிறது. "போன்லயே மொழிபெயர்ப்பு இருக்கு, எதுக்கு இங்கிலீஷ்" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அதே ஆள்தான் அடுத்த வரியில் இங்கிலீஷ் பேச வராததற்குச் சிரிக்கிறார்.

"பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் இருக்கும்" என்று ஒருவர் கேட்டிருந்தார், அது நியாயமான கேள்வி. 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கு லாபத்துக்காக நடத்தும் ட்யூஷன் கம்பெனிகளை அரசாங்கம் முடக்கியது. வெளிநாட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் பாடம் எடுப்பவர்களை வைத்துக்கொள்ளவும் தடை. காசுள்ளவர்கள் இன்னும் வழி கண்டுபிடிக்கிறார்கள்தான். எதிர்வீட்டுத் துணிக்கடைக்காரர் பெண்ணுக்கு ஆளிருக்கிறது. ஆனால் கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கும் பிள்ளைக்குப் பேசிப் பழக யார் இருக்கிறார்கள்? அச்சடித்த தாள் மட்டும்தான் அவள் கைக்கு வருகிறது. அந்தத் தாளிலிருந்து எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுக்கிறாள். அதற்குத்தான் நீங்கள் சிரிக்கிறீர்கள்.

இந்த மார்க்கின் கனம் தெரியாதவர்களுக்கு ஒரு செய்தி. நான் இருக்கும் ஜெஜியாங் மாகாணத்தில் ஆங்கிலத்தை இரண்டு தடவை எழுதி நல்ல மார்க்கை வைத்துக்கொள்ளலாம். 2018 நவம்பர் தேர்வில் காம்ப்ரிஹென்ஷனும் மொழிப் பயன்பாட்டுப் பகுதியும் கடினமாகிவிட்டன என்று சொல்லி, தேர்வு அலுவலகம் யாரிடமும் சொல்லாமல் சில கேள்விகளுக்கு மார்க்கைச் சரிக்கட்டிப் போட்டுவிட்டது. பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். டிசம்பரில் மாகாண அரசே விசாரித்து, சரிக்கட்டியதை ரத்து செய்து, பழைய மார்க்கையே திருப்பிக் கொடுத்தது. கல்வித்துறைத் தலைவரின் பதவியும் போனது. இங்கே இரண்டரை மார்க் என்பது சின்ன விஷயம் இல்லை.

"சீனாக்காரி ஆயிட்டீங்களே அக்கா" என்று இன்பாக்ஸில் வந்த தம்பிக்கும் சொல்கிறேன். எனக்கு இந்த நாட்டைப் பற்றி மனக்குறைகள் நிறைய உண்டு. என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் என் ஆங்கிலம் செல்லாது என்று ஆகிவிடுகிறதே, அது எனக்கு வலிக்காதா? ஆனால் இது நாட்டைப் பற்றிய பேச்சு இல்லை.

நான் பத்தாவது வரை, பன்னிரண்டாவது வரை, தமிழ் மீடியம். பல்லடம் பக்கம். நூலகத்தில் கிடைத்த ஆங்கிலப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டி, அகராதி பார்த்து, படித்துத் தீர்த்தவள். கோவையில் கல்லூரி சேர்ந்தபோது வகுப்பில் இருந்த பலரைவிட நான் அதிகம் படித்திருந்தேன். முதல் செமினாரில் எழுந்து நின்று பேசினேன். அச்சில் மட்டுமே பார்த்திருந்த சொற்களை அச்சில் இருந்தபடியே உச்சரித்தேன். வகுப்பு சிரித்தது. சொல்லிக்கொடுத்தவரும் சிரித்தார். நான் என்ன சொன்னேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடமும் அந்த வகுப்பில் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு எல்லாம் புரிந்துகொண்டுதான் இருந்தது.

அதனால்தான் கேட்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் எத்தனை பேர் என் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வாய் திறக்கப் பயந்து இண்டர்வியூவில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தவர்கள் நீங்கள். நீங்களே அந்த வீடியோவைப் பகிர்ந்திருக்கிறீர்கள். வேறு யார் சிரித்திருந்தாலும் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

வீடியோ எடுத்த தம்பி, நீங்கள் நல்ல உழைப்பாளி, உங்கள் மற்ற வீடியோக்களை நான் பார்ப்பேன். அந்தப் பெண்ணின் முகத்தையும் சீருடையில் தெரிகிற பள்ளிப் பெயரையும் மறைத்துவிடுங்கள். அவளுக்குப் பதினெட்டு ஆகியிருக்காது. லட்சக்கணக்கான பேர் பார்க்கலாம் என்று அவளோ அவள் அம்மா அப்பாவோ சொல்லவில்லை.

2022 கடைசி பேசேஜை, நான்கு கேள்விகளோடு, முதல் கமெண்டில் போடுகிறேன். சிரித்தவர்கள் அகராதி இல்லாமல், போனில் மொழிபெயர்க்காமல், எட்டு நிமிடத்தில் போட்டுப் பாருங்கள். பதில் சாவி நாளைக்கு.