சேர்வர் வாங்க முதல் அது செத்துப்போகும் நாளை யோசியுங்கள்

போன கிழமை நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் சேர்வருக்கு, அதாவது கந்தோர்க் கணினிகள் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் கணினிக்கு, ஒரு கொட்டேஷனை அனுப்பி, "மச்சான், இது ஓகேயா?" என்று கேட்டான். கொட்டாஞ்சேனையில் 12 பேர் வேலை செய்கிற கந்தோர் அவனுடையது. துறைமுகத்தில் சாமான் கிளியர் பண்ணிக் கொடுக்கிறார்கள். கொட்டேஷனில் இருந்தது வெளிநாட்டில் கழித்துவிட்ட பழைய ரேக் சேர்வர், சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற தட்டையான வகை. இரண்டு புரொசெசர், 128 ஜிபி மெமரி, எட்டு டிஸ்க். மேசைக் கணினி போல நிமிர்ந்து நிற்கிற புது டவர் சேர்வர் ஒன்றின் பாதி விலை. பார்க்க வாயூறும்தான். "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். கோபித்துக்கொண்டான். சரி, காரணத்தை எழுதுவோம் என்று தொடங்கியது நீண்டுவிட்டது, இங்கேயே போடுகிறேன்.

12 பேர் அப்படி என்ன செய்யப்போகிறார்கள்? குவிக்புக்ஸ் திறப்பார்கள், எக்செல் திறப்பார்கள், ஸ்கேன் பண்ணிய கடதாசிகளைப் பொது ஃபோல்டரில் போடுவார்கள். இதற்கு இரண்டு புரொசெசர் என்பது, சந்திக் கடைக்குப் பாண் வாங்க லொறியில் போகிற கதை. அந்த மெஷின் சும்மா நிற்கும்போதே 200 வோட் இழுத்தால் ஒரு நாளைக்கு 4.8 யூனிட், மாதத்துக்கு 144. சின்ன டவர் சேர்வர் 50 வோட்டில் நின்றால் மாதம் 36 யூனிட்டோடு முடிந்தது. 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் ஏறியதைக் கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். அதைவிட, ரேக் சேர்வரின் சின்ன ஃபேன்கள் போடுகிற சத்தத்தோடு ஒரே அறையில் இருந்து கஸ்டமரோடு போன் பேச ஏலாது. ஆளில்லாத அறையில் வைப்பதற்குச் செய்த சாமான் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேர்வரே தேவையில்லாத கந்தோர்களும் இருக்கின்றன. விண்டோஸ் 11 ப்ரோ போட்ட சாதாரணக் கணினியின் ஃபோல்டரை ஒரே நேரத்தில் 20 கருவிகள் வரை திறக்கலாம். ஐந்தாறு பேருக்கு அதுவே போதும்.

நான் பட்டது டிஸ்க் விஷயத்தில். எங்களுடையது வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கணக்காய்வுக் கந்தோர். முதல் சேர்வர் வாங்கியபோது, "ரெயிட் இருக்கு சேர், இரண்டு டிஸ்கிலும் ஒரே சாமான்தான், பெக்கப் தேவையில்லை" என்று விற்றவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். மார்ச் கடைசி, கணக்கு முடிக்கிற நேரம். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி தவறுதலாக ஒரு வாடிக்கையாளரின் முழு ஃபோல்டரையும் அழித்துவிட்டான். நெட்வேர்க் வழியாக அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. இரண்டு டிஸ்கும் ஒரே நொடியில், மிக விசுவாசமாக அழித்தன. மூன்று கிழமை வவுச்சர்களை வைத்துக்கொண்டு திரும்பத் தட்டினோம். அந்தத் தம்பியை நான் ஏசவில்லை. ஏச வேண்டிய ஆள் நான்தான்.

ரெயிட் என்பது ஒரு டிஸ்க் செத்தாலும் அன்றைய வேலை நிற்காமல் இருக்க. பெக்கப் என்பது நேற்றையதைத் திரும்ப எடுக்க. இது சின்ன ஆட்களின் பிழை மட்டுமில்லை. 2023 ஓகஸ்டில் நம் அரசாங்கக் கிளவுட்டை (இணையம் வழியாகப் பயன்படுத்தும் சேர்வர்கள்) தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியபோது, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு போனது. அந்தக் காலத்துக்கு பெக்கப் இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்து மின்னஞ்சலும் அதில் அடக்கம்.

இப்போது எங்களிடம் இரண்டு வெளி டிஸ்க் இருக்கின்றன. ஒன்று சேர்வரில், மற்றது முதலாளி வீட்டு அலுமாரியில். வெள்ளிக்கிழமை மாற்றுவோம். முதலாளி வீடு இரண்டாம் மாடி. 2016 மே வெள்ளத்தைக் கண்டவர்கள் மாடியைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். மாதம் ஒரு தடவை ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்ப்பேன். திறந்து பார்க்காத பெக்கப்பை நான் பெக்கப் என்று எண்ணுவதில்லை.

எல்லாவற்றையும் கிளவுட்டில் போடலாமே என்பார்கள். மின்னஞ்சலைப் போட்டிருக்கிறோம். ஆனால் அந்த பில் டொலரில் வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டபோது, அதே சேவைக்கு அதே மாதக் கட்டணம் எங்களை என்ன செய்தது என்று மறக்கவில்லை.

அப்புறம் யூ.பி.எஸ், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பற்றரியில் ஓட்டுகிற பெட்டி. எல்லோரும் வாங்குகிறார்கள், ஆனால் பெட்டிக்குள் கூடவே வருகிற யூ.எஸ்.பி வயரை யாரும் கொழுவுவதில்லை. அதைக் கொழுவி செட் பண்ணினால்தான், பற்றரி இறங்கும்போது சேர்வர் தானாக ஒழுங்காக அணையும். இல்லாவிட்டால் பத்து நிமிடம் தாமதமாகக் கரண்ட் போனது போலத்தான். பற்றரியும் நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் போகும். 2022 மின்வெட்டுக் காலத்தில் எங்களுடையது இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. வாங்கிய நாளிலிருந்து பற்றரியை யாரும் மாற்றவில்லை.

கடைக்குப் போனால் வேகத்தைக் கேட்காதீர்கள். யூனிட்டி பிளாசாவோ வேறு எங்கேயோ, இதைக் கேளுங்கள்: இந்த மெஷினின் பவர் சப்ளை இப்போது உங்கள் கையில் இருக்கிறதா? பிராண்ட் டவர்கள் பலவற்றில் சாதாரணப் பவர் சப்ளை பொருந்தாது. மூன்று வருட வாரண்டி என்றால் ஆள் வந்து பார்ப்பாரா, நாங்கள் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா? விண்டோஸ் சேர்வர் லைசன்ஸும், அதைப் பாவிக்கிறவர்களுக்கான பயனர் லைசன்ஸும் விலையில் சேர்ந்ததா? "அது நாங்கள் போட்டுத் தருவோம்" என்று சிரித்தால் களவுக் கொப்பி என்று விளங்கிக்கொள்ளுங்கள். நண்பனுக்கு வந்த மெஷினில் இருந்தது விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2. அதற்கு வழமையான பாதுகாப்பு அப்டேட் 2023 ஒக்டோபர் 10உடன் நின்றுவிட்டது.

என் கணக்கில் அவனுக்குப் போதுமானது: ஒரு புரொசெசர், 16 ஜிபி ஈ.சி.சி மெமரி (சின்னப் பிழைகளைத் தானே திருத்துகிற வகை), விண்டோஸுக்கு ஒரு எஸ்.எஸ்.டி, தரவுக்கு ரெயிட் 1இல் (இரண்டிலும் ஒரே தரவு) இரண்டு டிஸ்க், லாச்சிக்குள் மூன்றாவதாக ஒரு டிஸ்க். முடிந்தால் டிஸ்குகளை வேறு வேறு கடையில் வாங்கச் சொல்வேன். ஒரே தொகுதியில் வந்தவை ஒன்றாகவே போகக்கூடும். மிச்சக் காசு யூ.பி.எஸ்ஸுக்கும் வெளி டிஸ்குக்கும்.

இதையெல்லாம் வொய்ஸ் மெசேஜில் சொன்னேன். நேற்று இரவு புதுக் கொட்டேஷன் அனுப்பியிருக்கிறான். டவர் சேர்வர், 64 ஜிபி மெமரி, நீல லைட் எரிகிற கேஸ். யூ.பி.எஸ் வரியைக் காணவில்லை.