காய்ச்சல் இல்லாத செவிலியருக்குக் கொரோனா இல்லை என்பது சரியா?

"மருத்துவமனை வாசலிலேயே நெற்றியில் வெப்பம் பார்த்துத்தான் செவிலியர்களை உள்ளே விடுகிறார்கள், காய்ச்சலும் இருமலும் இல்லையென்றால் அவர்களுக்குத் தொற்று இல்லை என்பது உறுதி" என்று கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் மும்பையில் தாராவி, மாட்டுங்கா வட்டாரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய தகவல் தவறானது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள கிங் கவுண்டியில், 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தொற்று உறுதியான 48 மருத்துவப் பணியாளர்களிடம், முதலில் தோன்றிய அறிகுறி எது என்று கேட்டறிந்த ஆய்வு இதை நேரடியாகவே மறுக்கிறது. அவர்களில் பாதிப் பேருக்குத்தான் தொடக்கத்தில் இருமல் இருந்தது. காய்ச்சல் இருந்தவர்கள் 20 பேர் மட்டுமே. காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், தொண்டைவலி ஆகிய நான்கில் ஒன்றுகூட இல்லாமல் நோய் தொடங்கியவர்கள் 8 பேர். உடல்வலியையும் குளிர்நடுக்கத்தையும் பட்டியலில் சேர்த்துப் பார்த்தாலும் 5 பேர் சல்லடையில் சிக்காமல் நழுவிவிடுகிறார்கள். அந்த 48 பேரில் 31 பேர் அறிகுறிகளோடேயே வேலைக்கும் வந்திருக்கிறார்கள். இலேசான உடல்வலிக்கு விடுப்புக் கேட்கத் தயங்குபவர்களை அறிந்த எவருக்கும் இது வியப்பளிக்காது.

அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவர் பிறருக்குத் தொற்றைப் பரப்பக்கூடும் என்பதும், பாராசிட்டமால் விழுங்கியவரின் காய்ச்சல் வெப்பமானிக்குத் தெரியாமல் போகலாம் என்பதும் அந்தத் தகவலில் விடுபட்டுள்ளன. வாசல் சோதனை பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அது சிலரைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் தொற்று பரவும் காலத்தில் சோதனையில் தேறியவரும் முகக்கவசம் அணிய வேண்டும், உடல்வலியோ மணம் தெரியாமையோ ஏற்பட்டால் பணிக்கு வராமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.