குரோஷாவில் பேன்ட் மட்டும் வேண்டாம்

குரோஷா, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் வேலை. அந்த ஊசியைப் பிடித்து எனக்கு இருபது வருடம் ஆகிறது. அந்த உரிமையில் சொல்கிறேன்: பின்ன முடியும் என்பதற்காக எல்லாவற்றையும் பின்னி உடுத்திக்கொள்ள வேண்டியதில்லை. முக்கியமாக, பேன்ட்.

போன மாதம் அண்ணன் மகள் ஆன்லைனில் ஒரு குரோஷா டாப் வாங்கினாள். வெள்ளைக் காட்டன் நூல், இடுப்பு வரை நீளம், பார்க்க அவ்வளவு அழகு. ஒரே ஒருமுறை துவைத்துக் கொடியில் தொங்கவிட்டாள். சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு வந்து, "அத்தை, டாப்பா வாங்கினேன், நைட்டியா ஆயிடுச்சு" என்று நிற்கிறாள். முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவள் மேல் தப்பே இல்லை. குரோஷா என்பது வளையத்துக்குள் வளையம். தறியில் நெய்த துணியில் ஊடும் பாவும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். இங்கே அந்தப் பிடி கிடையாது. அதோடு நூலும் நிறையத் தின்னும். ஈரம் பட்டால் காட்டன் நூல் இன்னும் கனத்துப்போகும். அந்த எடை முழுவதும் இரண்டு தோள்பட்டையில் தொங்கினால் டாப் இறங்காமல் என்ன செய்யும்? குரோஷா உடுப்பைத் துண்டின் மேல் பரப்பித்தான் காயவைக்க வேண்டும். விற்றவர்கள் அதை ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கலாம்.

இதே காரணத்தால்தான் குரோஷா பிகினியைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. கடலில் இறங்கும்போது ஒரு அளவு, கரையேறும்போது வேறு அளவு. மணலில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள், நன்றாகவே இருக்கும். தயவுசெய்து அலையில் இறங்காதீர்கள்.

சரி, பேன்டுக்கு வருகிறேன். 1970களில் அமெரிக்காவில் குரோஷா மோகம் தலைக்கேறியிருந்தது. நாம் கட்டில் விரிப்புக்குப் பின்னும் கிரானி ஸ்கொயர் கட்டங்களை அவர்கள் உடம்பில் ஏற்றினார்கள். கைவேலைப் பத்திரிகைகளில் ஆண்களுக்கான குரோஷா பேன்ட் கூட வந்தது. ஆரஞ்சு, பழுப்பு, பச்சை என்று கட்டம் கட்டமாக, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை. அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்து எழுந்தால் என்ன ஆகும் என்று பின்னத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முட்டி இரண்டும் தேங்காய் வைத்தது போலப் புடைக்கும். பின்பக்கம் காய்கறிப் பை மாதிரி தொங்கும். இழுத்துவிட்டால் இன்னும் நீளும்.

ஆனால் அதே காலத்தின் பீர் டின் தொப்பியை நான் மனதார ஆதரிக்கிறேன். காலி டின்னைத் தகடாக வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, நூலால் பின்னிச் சேர்த்த தொப்பி. தலை தாங்கும், இழுபடாது, பார்த்தவர் முகத்தில் சிரிப்பு வரும். ஒரு தொப்பிக்கு வேறென்ன வேண்டும்?

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வருவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு ஊசியால் பின்னும் நிட்டிங்குக்கு மெஷின் உண்டு. குரோஷாவை இன்றும் கையால்தான் பின்னியாக வேண்டும். கடையில் தொங்குவது அசல் குரோஷா என்றால், யாரோ ஒரு பெண் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டது அது. ஆந்திராவின் நரசாபுரம் பக்கம் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ் வேலையைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே" என்று சொல்லியே அவர்களுக்குக் கூலியைக் குறைத்தார்கள். அந்த லேஸை மேசை விரிப்பாக, தாவணி ஓரமாக, குழந்தையின் சட்டைக் கழுத்தாகப் பாருங்கள், கண் எடுக்க முடியாது. நூலுக்கு எது பொருந்தும் என்று தெரிந்த கைகள் அவை. அப்படிப்பட்ட உழைப்பை ஒரே துவையலில் நைட்டியாகிவிடும் டாப்பில் கொட்ட வைக்கிறார்களே என்றுதான் கோபம் வருகிறது.

அண்ணன் மகளின் டாப்பைப் பிரித்துவிட்டோம். கடைசி முடிச்சைக் கண்டுபிடித்து இழுத்தால் சரசரவென்று வந்துவிடும். நல்ல நூல், நான்கு உருண்டை தேறியது. அவளே பக்கத்தில் உட்கார்ந்து சுற்றினாள். அப்புறம் ஊசியைக் கேட்டாள். இப்போது கைப்பை பின்னிக்கொண்டிருக்கிறாள், ஆறாவது வரிசையில் இருக்கிறாள்.