கரைப்பான் வெறும் பாத்திரம் இல்லை

"வெள்ளி நானோ துகளை உண்டாக்குவது இலைச்சாறுதான், தண்ணீரில் செய்தாலும் எத்தனாலில் செய்தாலும் ஒன்றுதான்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் நண்பரே. முதல் பாதி சரி: வெள்ளி நைட்ரேட் என்ற உப்பிலுள்ள வெள்ளி அயனியை இலைச்சாறு ஒடுக்கி, அதாவது எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக்கி, மிக நுண்ணிய துகளாக்குகிறது. இரண்டாவது பாதி தவறு.

ஒரே இலையிலிருந்து தண்ணீர் இறக்கும் சேர்மங்கள் வேறு, எத்தனால் இறக்குபவை வேறு. ஆக, சாறே மாறிவிடுகிறது. அடுத்து, 25 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் மின்காப்பு மாறிலி (எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பை ஒரு திரவம் எவ்வளவு தளர்த்தும் என்பதன் அளவு) சுமார் 78. எத்தனாலுக்கு 24 தான். துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் தள்ளி நிற்பதில் அவற்றின் மேற்பரப்பு மின்னூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எத்தனாலில் அயனிகள் அவ்வளவாகப் பிரிவதில்லை. அந்த விலக்கம் தளர்ந்தால் துகள்கள் திரண்டுவிடும்.

எத்திலீன் கிளைக்கால் என்ற கரைப்பான் இன்னும் ஒரு படி மேலே. சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கினால், இலைச்சாறு ஒரு சொட்டுகூட இல்லாமல் கரைப்பானே வெள்ளி அயனியை ஒடுக்கிவிடும்.

தண்ணீர் என்றாலும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள குளோரைடு வெள்ளி நைட்ரேட்டோடு சேர்ந்து வெள்ளையாகக் கலங்கும். அது வெள்ளி குளோரைடு, நானோ வெள்ளி இல்லை. புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் இதையும் படிப்பார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: காய்ச்சி வடித்த நீரையே எடுங்கள், எந்தக் கரைப்பானில் செய்தீர்கள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.