அவர் ஃபார்வர்டு இல்லை, லெஃப்ட் ஹாஃப்

உதகை நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஹாக்கிக்காரர் பற்றிய அஞ்சலிக் கட்டுரை அருமை. ஒரே ஒரு திருத்தம்: அதில் எழுதியதுபோல் அவர் முன்னால் நின்று கோல் அடிக்கிற ஃபார்வர்டு இல்லை, இடது பக்கம் நடுவரிசையில் ஆடுகிற லெஃப்ட் ஹாஃப். கோல் அடிப்பவருக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கிற இடம். பேப்பரில் பெயர் வராது.

ஊருக்குக் குடிநீர் தரும் பார்சன்ஸ்வேலி அணைத் தண்ணீர் வராத நாளில் தெருவே அவரைத்தான் திட்டும். சிரித்துக்கொண்டே வால்வு சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் அதே தோளில் ஹாக்கி மட்டை. ஜூன் மழையில் மைதானம் முழுக்கச் சேறு, பனிமூட்டத்தில் எதிர் கோல் தெரியாது. ஆட்கள் கத்துகிற சத்தத்தை வைத்தே பாஸ் கொடுப்பார், பெரும்பாலும் சரியாகப் போய்ச் சேரும்!

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததைப் பற்றிப் பேச்செடுத்தால் விடமாட்டார். 1980 மாஸ்கோவில் நம்ம பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கினோமே அண்ணே என்றால், "அதுவும் செயற்கைத் தரைதான் தம்பி. நம்ம பசங்க இன்னும் புல்லுல பழகுறாங்க" என்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

கட்டுரையில் உள்ள குழுப் படத்தில் மேல் வரிசைக்காரர்களை யாருக்காவது அடையாளம் தெரிந்தால் எழுதுங்கள். குன்னூர் அணியோடு மோதிய நாளில் எடுத்தது என்று நினைக்கிறேன்.